படம் 7.3-இல் என்னைக் கோடு போட்டுக் கொன்றிருப்பது குறித்து

எம்.ரெட்டியபட்டி,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

மனித மரபியல் நூல் வரிசை, நான்கு பாகங்கள், மேற்படி நூலின் பதிப்பாசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

ஐயா (அம்மையாராக இருந்தால் அம்மா என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்), தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் எங்கள் இருளப்பசாமி ஒரு குறையும் வைக்காமல் காக்க வேண்டும். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். கடிதத்தில் 'நலம்' என்றுதான் எழுதுவார்கள், எனக்கும் தெரியும். நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நான் உயிரோடு இருப்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் தங்கள் நூலின் மூன்றாம் பாகம், பக்கம் 214, படம் 7.3-இல் என்னைக் கொன்றிருக்கிறீர்கள்.

என் பெயர் உக்கிரபாண்டி. பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், ஆள் அப்படியில்லை. பெயர் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது, எனக்கு வந்து சேர்ந்தது. சர்வே டிபார்ட்மெண்டில் சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து, நில அளவராக ஓய்வு பெற்றவன். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் நான் கால் வைக்காத வரப்பு கிடையாது. அண்ணனும் தம்பியும் அரிவாளோடு நின்ற இடத்திலெல்லாம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "முதல்ல கல்லைக் காட்டுங்கப்பா, கல்லு தெரிஞ்சா காடு தெரிஞ்சு போகும்" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். ஒரு படத்தை வாசிக்க எனக்கு இன்னொருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை. இதையும் குறித்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும்.

எனக்கு ஒரே மகள், ரேணுகாதேவி. மதுரையில் உயிரியல் படித்துவிட்டு அங்கேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளை என் மனைவி முத்துமாரியம்மாளின் (அவளும் எனக்குத் தூரத்துச் சொந்தம்தான்) தம்பி ராஜகுருவுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்து, தை மாதத்தில் நாளும் குறித்தாயிற்று. தாய்மாமன், முறை. காரியாபட்டியில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். மாமன்காரன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது வெளியில் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் பேச்சு வந்துவிடும். அதோடு பிள்ளைகளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது. ஒரு வில்லங்கமும் இல்லாத சொத்து மாதிரி இருந்த காரியத்தில் தங்கள் புத்தகம்தான் வில்லங்கம். தீபாவளிக்கு வந்தவள் நாலு பாகத்தையும் பையிலிருந்து எடுத்து பீரோ மேல் அடுக்கினாள். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். அடுக்கிவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நானும் மாமாவும் ரத்தம் குடுத்து டெஸ்ட் பாத்துட்டுத்தான் கல்யாணம். தங்கத்தாய் அத்தைக்குப் பொறந்ததுல இருந்து காது கேக்காது. அது நம்ம வழியில வர்றதா இருந்தா எங்க ரெண்டு பேருக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கலாம்."

"கல்யாணப் பேச்சுல ரத்தம் எதுக்கு தாயி?"

"காது கேக்காத பிள்ளை பொறந்தா குத்தம்னு சொல்லலப்பா. அத்தை கையில வளந்தவ நான். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணணும்னுதான் சொல்றேன்."

"அத்தைக்கு ரத்தத்துல வரல. வெடியில வந்துச்சு."

இதை நான் தங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். தங்கத்தாய் என் தங்கை. அவள் தொட்டில் பிள்ளையாக இருந்தபோது எனக்கு ஆறு வயசு. நூல் சுற்றிய உருண்டை வெடி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்து, சேலைத் தொட்டிலுக்கு நேர் கீழே வைத்துத் திரியைப் பற்ற வைத்துவிட்டேன். ஓடு அதிர்ந்தது. மேலத்தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அம்மா அலறி அடித்து வந்து பார்த்தால், பிள்ளை அழக்கூட இல்லை. அப்படியே கிடந்தது. "அந்த நிமிசமே காது போயிருச்சு, அதான் பிள்ளை அழல" என்று அம்மா சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் யார் கூப்பிட்டும் தங்கத்தாய் திரும்பவில்லை. அந்த நாளிலிருந்து நான் வெடி தொட்டதில்லை. என் கல்யாணத்துக்கே வேட்டு வேண்டாம் என்று சொன்னவன். எங்கள் குடும்பத்தில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று எத்தனையோ கல்யாணம் நடந்தது. யாருக்கும் ஒரு பயமும் வந்ததில்லை. ரத்தம் சுத்தம், கெடுத்தது உக்கிரபாண்டி வைத்த வெடி. அவ்வளவுதான் கணக்கு.

தங்கத்தாய் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். முப்பது ஆடு வைத்திருக்கிறாள், முப்பதுக்கும் தனித்தனியாகக் கையால் பெயர் வைத்திருக்கிறாள். என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏறக்குறைய முப்பது வருஷமாக, என்னைத் தனியாகப் பார்த்தால் போதும், குச்சியால் மண்ணில் ஒரு வட்டம் போடுவாள். அந்த வட்டத்தை உள்ளே முழுக்கத் தேய்த்துக் கறுப்பாக்குவாள். அப்புறம் அதை நோக்கி ஒரு சின்னக் கோடு இழுப்பாள். தன் காதைத் தொடுவாள், என்னைத் தொடுவாள். உருண்டை வெடி, திரி, அவள் காது, நான். ஐயா, இதற்குப் பொழிப்புரை வேண்டுமா? ஒவ்வொரு தடவையும் "சோலி கெடக்கு" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவேன். ஒரு தடவைகூட அவள் முடிக்கும் வரை நான் இருந்ததில்லை.

ஆக, மகள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் தங்கள் புத்தகத்தைத் திறந்தேன். தமிழில் எழுதியிருப்பதால் மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். முதல் பாகத்திலேயே அது என்னை மடக்கிவிட்டது. நாலே நாலு எழுத்தாம், அதிலேயே முந்நூறு கோடி எழுத்து நீளத்துக்கு ஆளை எழுதி வைத்திருக்கிறதாம், அதுவும் உடம்பில் அணு அணுவாக எல்லா இடத்திலும் அதே பத்திரத்தின் நகல் இருக்கிறதாம். யார் எழுதியது, எங்கே பதிந்தது, சாட்சி யார், ஒன்றும் போடவில்லை. அதிலிருந்து எனக்குப் பார்வை மாறிப்போயிற்று. மத்தியானம் மாரி கட்டிலில் படுத்திருந்தாள், சேலைக்கு வெளியே தெரிந்த பாதம் அவளுடைய அம்மாவுடையது. சுண்டுவிரல் உட்பட. நான் போய்ப் போர்த்திவிட்டேன், "வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, போர்வை எதுக்கு" என்று திட்டினாள். திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருத்தர் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைச் சொறிந்தார். என் அப்பா அப்படித்தான் சொறிவார். அப்பா செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஆள் பின்னாலேயே பஸ் வரைக்கும் போனேன். திரும்பி, "என்ன வேணும்?" என்றார். குரலும் கொஞ்சம் அதே மாதிரி. "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கீகளா" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன கேட்பது? செத்தவர்கள் ஒருத்தரும் எங்கேயும் போகவில்லை ஐயா, உட்பிரிவு ஆகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியே வாசித்து வாசித்து மூன்றாம் பாகத்துக்கு வந்தேன். போன வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுது, கரண்டு இல்லை. தெருவில் ஒரு கோழிகூட இல்லை. பக்கம் 214. 'வானம் பார்த்த பகுதியில் வாழும் ஒரு குடும்பம்' என்று தலைப்புப் போட்டு, கட்டமும் வட்டமும் கோடுமாக ஒரு படம். கட்டம் ஆண், வட்டம் பெண், குறுக்குக்கோடு போட்டிருந்தால் இறந்தவர், இரட்டைக் கோடு சொந்தத்துக்குள் கல்யாணம், கறுப்பு அடித்திருந்தால் பிறவியிலேயே காது கேளாதவர் என்று பக்கத்தில் குறிப்பு. பெயர் ஒன்றும் இல்லை. இருந்தால் என்ன, சர்வே எண் இல்லாத வரைபடத்தையே வாசித்தவன் நான். மேல் வரிசையில் ஒரு கட்டம், அவர் வீட்டுக்காரர். அவருக்கு ஜோடியாக ஒரு வட்டம், மனைவி. மனைவிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், அவளுடைய தம்பி. அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு நடு வரிசையில் ஒரே ஒரு வட்டம், ஒரே மகள். அந்த மகளிலிருந்து அவளுடைய தாய்மாமனுக்குச் சாய்வாக ஒரு இரட்டைக் கோடு. நான், மாரி, ராஜகுரு, ரேணுகா. கல்லு கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகத் தொடையைத் தட்டினேன். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. முதல் கட்டத்தின் மேல், அதாவது என் மேல், ஒரு குறுக்குக்கோடு.

புத்தகம் அச்சான வருஷத்தைப் பார்த்தேன். அந்த வருஷம் என் மகள் நாலாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ராஜகுருவைப் பேசி முடித்தது இந்த ஆவணியில். தாம்பூலம் மாற்றுவதற்குப் பதினைந்து வருஷம் முன்னாடியே தாங்கள் எப்படி இரட்டைக் கோடு இழுத்தீர்கள்? யார் சொன்னது? அந்த இரட்டைக் கோட்டுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். முதலாவது கட்டம், நடுவே ஒரு புள்ளி இருக்கிறது, ஈ இருந்துவிட்டுப் போனதா அச்சு மையா தெரியவில்லை, நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை, பக்கத்துக் குறிப்பிலும் புள்ளியைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்றாவதும் கட்டம். இரண்டாவது வட்டம். முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பு வட்டத்தை நோக்கி ஒரு சின்னக் கோடு.

தங்கத்தாய் மண்ணில் போடுகிற படம். அச்சு அசலாக அதே படம். என் தங்கைக்கு எழுத்துத் தெரியாது, தங்கள் அச்சகம் இருக்கிற சென்னைக்கு அவள் போனதில்லை, தாங்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. நான் வைத்த வெடி திரியோடு போய் என் பேத்தி இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. புத்தகத்தை மூடி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். "கோலமில்லடி, இந்தா பாரு, நான் செத்துப் போயிட்டேன்" என்றேன். "செத்தவுக எந்திரிச்சுப் போயி மோட்டாரைப் போட்டுட்டு வாங்க, கரண்டு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போய்ப் போட்டேன். மோட்டார் ஓடவில்லை.

அதிலிருந்து தொட்டதெல்லாம் அப்படியே போகிறது. சனிக்கிழமை, பென்சன்காரன் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒரு தடவை ரேகை வைக்க வேண்டுமே, அதற்காக நரிக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை, "நல்லா அமுக்குங்க ஐயா" என்றது. அமுக்கினேன். பத்து விரலையும் அமுக்கினேன். "வர மாட்டேங்குது" என்றது. தேங்காயெண்ணெய் தொட்டு, துடைத்து, மறுபடியும் வைத்தேன். "இல்ல ஐயா, நீங்க இல்லன்னு காட்டுது" என்றது. "நான் இங்கதான தாயி நிக்கிறேன்?" "எனக்குத் தெரியுது ஐயா, மெசினுக்குத் தெரியல. அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் வருவேனா மாட்டேனா என்பது தங்களுக்குத்தான் வெளிச்சம். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் ஆட்களை எண்ணினான். "ஒம்போது பேரு. இன்னும் ஒரு ஆளு வந்தா எடுத்துரலாம்" என்றான். கால் மணி நேரம் வெயிலில் நிற்கிறது வண்டி. நானும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். என்னோடு சேர்த்துப் பத்து. "ஏப்பா, என்னையச் சேத்துட்டியா?" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பி, "நீங்க எப்ப ஏறுனீக?" என்றான். வண்டியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நேற்று அருப்புக்கோட்டை அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் என்று போட்டிருக்கிற இடத்தில் 'தெய்வத்திரு உக்கிரபாண்டி' என்று அடித்திருக்கிறது. பொன் எழுத்து. போன் போட்டுக் கேட்டால், "நீங்க குடுத்த தாள்ல மேல முன்னோர் பேருல தெய்வத்திரு உக்கிரபாண்டின்னு இருக்குங்க, கீழயும் உக்கிரபாண்டின்னு இருக்கு, ஒரே ஆளுன்னு நினைச்சு ரெண்டுக்கும் போட்டுட்டோம்" என்கிறார்கள். மேலே இருப்பது என் தாத்தா ஐயா! தாத்தா வேறு, நான் வேறு! ஆனால் சொல்லும்போதே எனக்கு நாக்குக் குழறியது. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். தாத்தா மூக்குத்தான்.

எனக்கு அறுபத்தாறு வயசு. சாவுக்குப் பயந்து எழுதுவதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் பயம்தான். அது இருக்கட்டும். என் கவலை அந்தக் கறுப்பு வட்டம். தாங்கள் போட்டபடி நடந்தால் தைக்கு முன்னாடி நான் போய்விடுவேன், என் மகள் மாமனைக் கட்டுவாள், இரண்டாவது பிள்ளை தங்கத்தாய் மாதிரி பிறக்கும். மகளிடம் படத்தைக் காட்டினால் கல்யாணம் நின்றுபோகும், ராஜகுரு நல்ல பிள்ளை, ஒடிந்துபோவான். காட்டாமல் விட்டால் அறுபது வருஷத்துக்கு முன்னாடி வைத்த வெடியை இரண்டாவது தடவையாக நானே பற்ற வைத்த மாதிரி. என்ன செய்யச் சொல்கிறீர்கள்? புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன், பூட்டிய பிறகும் பீரோ என்னைப் பார்க்கிறது.

ஆகவே ஐயா, தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், உடனடியாக ஒரு பிழைதிருத்தத் தாள் அச்சடித்து, விற்ற புத்தகங்களுக்கெல்லாம் அனுப்பி, படம் 7.3-இல் மேல் வரிசை முதல் கட்டத்தின் மீது உள்ள குறுக்குக்கோட்டை ரத்து செய்ய வேண்டும். கூடவே, எனக்கு ஒரு தங்கையும் வீரபாண்டி என்று ஒரு தம்பியும் இருக்க, எனக்குப் பக்கத்தில் ஒருத்தரையுமே போடாமல் விட்டிருக்கிறீர்கள். காது கேளாதவர்களைப் பற்றிய படத்தில் தங்கத்தாயையே விட்டுவிட்டால் அது என்ன சர்வே? அளக்கத் தெரியாதவர்களை அனுப்பினால் இப்படித்தான் ஆகும். இந்த இரண்டையும் தாங்கள் செய்யாவிட்டாலும் நான் மேல்முறையீட்டுக்குப் போக மாட்டேன். அந்தக் கறுப்பு வட்டத்தை மட்டும் வெள்ளையாக்கிக் கொடுங்கள். அதற்கு என் குறுக்குக்கோடு அப்படியே இருந்தாலும் சம்மதம். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டாலும் சம்மதம்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் காது குளிர நல்ல வார்த்தை கேட்டு வளர இருளப்பசாமி துணை. பதில் எழுதும்போது உறையில் 'திரு' என்று போடவும், வேறு எதையும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
இதை எழுதி முடிக்கும் வரை உயிரோடு இருக்கும்,
மூ. உக்கிரபாண்டி,
நில அளவர் (ஓய்வு).

பின்குறிப்பு: இன்றைக்கு வியாழக்கிழமை. மேலே எழுதியதைத் தாங்கள் வாசித்துவிட்டிருந்தால் தயவுசெய்து மறந்துவிடவும். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், மாரி "எழுதுனதுதான எழுதுனீக, அப்படியே போடுங்க, உங்க லெட்சணம் அவுகளுக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

நேற்றுக் காலையில் உறைமேல் எழுதுவதற்காக விலாசம் பார்க்கப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் 214 தானாகவே விரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கத்தாய் ஆட்டுப்பால் கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். ஆடு குட்டி போடும்போது மட்டும் அவள் ஒரு சத்தம் கொடுப்பாள், அந்தச் சத்தம் கொடுத்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்து, தன் நெஞ்சில் தட்டினாள். நான் வழக்கம்போல் எழுந்தேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஆடு பிடிக்கிற கை, திமிர முடியவில்லை. மறுபடியும் கறுப்பு வட்டம், அவள் நெஞ்சு. மேலே நடு வரிசை வட்டத்தைத் தொட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி காட்டினாள். எங்கள் அம்மா. இரட்டைக் கோட்டின் வழியாக விரலைக் கொண்டுபோய் அந்தத் தாய்மாமன் கட்டத்தில் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைச் சொறிந்து காட்டினாள். எங்கள் அப்பா. எங்கள் அப்பா எங்கள் அம்மாவுக்குத் தாய்மாமன் ஐயா! எங்கள் அம்மாவும் ஒரே மகள். அப்படியென்றால் மேலே செத்துக் கிடக்கிற கட்டம் தாத்தா. தெய்வத்திரு உக்கிரபாண்டி. தலைமுறைக்குத் தலைமுறை அதே முறை, அதே கல்யாணம், அதே பெயர் என்று வைத்தால் ஒருவர் படம் இன்னொருவருக்குப் பொருந்தத்தானே செய்யும். ஊருக்கெல்லாம் கல்லைக் காட்டு என்று கேட்டவன், என் வீட்டில் தப்பான கல்லில் சங்கிலியை மாட்டிவிட்டேன். நான் மேல் வரிசையில் இல்லை, கீழ் வரிசையில் இருக்கிறேன். முதல் கட்டம் நான், நடுவில் தங்கத்தாய், கடைசியில் வீரபாண்டி. யாரையும் தாங்கள் விட்டுவிடவில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி வெளியூரிலிருந்து டாக்டர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் வைத்து எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அம்மா, அப்பா இருந்தார்கள், தாத்தா இல்லை. ஊசி போட்ட கையோடு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நான் வந்துவிட்டேன். ஒரு டாக்டரம்மா மட்டும் தங்கத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் என்னவோ வரைந்து வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காட்டியது இந்தப் படம்தான். இந்தக் கறுப்பு வட்டம் நீ, உன்னை வைத்துத்தான் உன் குடும்பத்தைக் கண்டுபிடித்தோம், அதற்குத்தான் இந்தக் கோடு என்று சொல்லியிருக்கிறார்கள் (கோட்டின் அர்த்தம் பிறகு மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்). முப்பது வருஷமாக அவள் மண்ணில் போட்டது வெடியும் இல்லை, திரியும் இல்லை; என்னைத் தொட்டது, பக்கத்துக் கட்டம் நீ என்று சொல்லத்தான்.

மகளுக்கு போன் போட்டேன். அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். "புள்ளி போட்டிருந்தா அவுகளுக்குக் காது கேக்கும்ப்பா, ஆனா உள்ளுக்குள்ள அதைச் சுமக்குறாகன்னு அர்த்தம்" என்றாள். நான் நகத்தால் சுரண்டியது என்னைத்தான். எனக்கு இருந்தால் அவளுக்கும் இருக்கலாம், சொந்தத்துக்குள்ளேயே சுற்றி வந்திருப்பதால் ராஜகுருவுக்கும் இருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். "ரத்தம் குடுக்கலாம்ல அப்பா?" என்றாள். குடு தாயி என்றேன். இன்று காலையில் இருவரும் கொடுத்துவிட்டார்கள். காயில் கட்டுகிறவன், கரண்டில் கை வைக்கிறவன், ஊசியைப் பார்த்ததும் ராஜகுரு மயங்கி விழுந்துவிட்டானாம். முடிவு வர மூன்று வாரம் ஆகும். பத்திரிகையில் தேதியை இப்போதைக்கு அடிக்க வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருக்கும் புள்ளி இருந்தாலும் நாங்களே உக்காந்து பேசிக்கிறோம், நீங்க இனிமே படம் பாக்காதீக" என்று மகள் உத்தரவு. ஷேர் ஆட்டோவில் ஒன்பது என்று எண்ணினானே, அதற்கு மட்டும் இன்னும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

ஆக, பிழைதிருத்தம் வேண்டாம். படம் சரி. அளக்கத் தெரியாதவர்கள் என்று எழுதியதற்கு மன்னிக்கவும். ஒன்றே ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். நேற்று தங்கத்தாய் என் கையை விட்ட பிறகு, அறுபது வருஷமாக அவளிடம் சொல்லாததைச் சொன்னேன். கையால்தான். தொட்டில் ஆட்டிக் காட்டினேன். ஆறு வயசுப் பிள்ளையின் உயரம் காட்டினேன். மண்ணில் உருண்டை போட்டு, திரி போட்டு, தீக்குச்சி கிழித்து, இரண்டு கையையும் விரித்து வெடித்துக் காட்டினேன். பிறகு என் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் மாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு கதையே அவளுக்குத் தெரியாது ஐயா. யாரும் அவளிடம் சொன்னதில்லை. கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள், நான் தூங்கிக்கிட்டு இருந்திருப்பேன் என்று. சிரித்துவிட்டுப் பால் செம்பை எடுத்து மாரி கையில் கொடுத்தாள். பிள்ளை அழக்கூட இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாளே, அதை யாராவது ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். அந்த வெடிச் சத்தத்தை இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்தன்தான்.